குறட்டின் வாயைப் பார்த்து வாங்குங்கள்

ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் வாங்கிய சோழி மாலை ஊர் போய்ச் சேர்வதற்குள் அறுந்துவிட்டது என்று யாராவது கொண்டுவந்து காட்டினால், எந்த இடத்தில் விட்டது என்றுதான் முதலில் பார்ப்பேன். நூல் அறுந்துவிட்டது என்பார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் நூல் முழுசாக இருக்கும், சோழியும் உடைந்திருக்காது. கொக்கியைப் பிடித்திருந்த வளையம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இல்லையென்றால் கியர் லாக், அதாவது மாலை வயரின் முனையை நசுக்கிப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய், நழுவியிருக்கும். இரண்டுமே குறடு செய்த வேலை. சரியான குறட்டால் மூடியிருந்தால் அந்த மாலை இன்னும் கழுத்தில் கிடந்திருக்கும்.

தங்கச்சிமடத்தில் சிப்பி, சோழி, பாசி வைத்து மாலை, கம்மல், கொலுசு செய்து கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் 61 நாளில், சுய உதவிக் குழுப் பெண்கள் கற்றுக்கொள்ள வருவார்கள். பாசி எங்கே வாங்குவது, எவ்வளவு லாபம் வரும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, குறடு பற்றிக் கடைசியில்தான் கேட்பார்கள். எனக்கோ அதுதான் முதல் பாடம்.

போன தடைக்காலத்தில் வந்த ஒரு பெண், "எங்க வீட்டுக்காரரு படகுல வச்சிருக்கிற குறடு இருக்குக்கா, இது போதாதா?" என்று பையிலிருந்து எடுத்தாள். கனமான கட்டிங் பிளேயர். எஞ்சின் நட்டைத் திருகி, கம்பி முறுக்கி, நன்றாக உழைத்த சாமான். ஒரு செம்புக் கம்பித் துண்டை அதன் வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கம்பி மேல் வரிவரியாகப் பல் தடம். "இதப் போயி யாரு காதுல மாட்டுவா?" என்று அவளே சிரித்துவிட்டாள்.

பல் இருப்பது அந்தக் குறட்டின் குறை இல்லை. நட்டும் போல்ட்டும் வழுக்காமல் இருக்கப் பல் வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நோஸ் பிளேயர்களும் பெரும்பாலும் அப்படித்தான், உள்வாயில் கோடு கோடாக வெட்டியிருக்கும். நாம் பிடிப்பது செம்பு, பித்தளை, வெள்ளி. எல்லாம் மெத்தென்ற உலோகம், தொட்டாலே தடம் விழும். முலாம் பூசிய கம்பி என்றால் இன்னும் மோசம். பல் பட்ட இடத்தில் முலாம் கிழிந்து உள்ளிருக்கும் செம்போ பித்தளையோ வெளியே தெரியும். நம் கரைக்காற்றில் அந்தக் கீறலில்தான் முதலில் பச்சை பூக்கும். மதுரையில் ஒரு வருஷம் தாங்கும் கம்மல் பாம்பனில் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காததற்கு இது ஒரு காரணம். ஆக, நகை வேலைக்கான குறடு என்றால் உள்வாய் வழுவழுவென்று இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

குறடு பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு ஆசாரி. "ஏம்மா, கைப்பிடி கலரப் பாத்து எடுக்குற? வாயத் தொறந்து பாரும்மா" என்பார். கடையில் ஒரு குறட்டைக் கையில் வாங்கியதும் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இரண்டு நுனியும் முதலில் தொட வேண்டும். நுனி தொட்டு, மூட்டுப் பக்கம் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. மூட்டுப் பக்கம் தொட்டுக்கொண்டு நுனி திறந்து நின்றால் மறுபேச்சில்லாமல் கீழே வைத்துவிடுவார். நம் வேலையில் முக்கால்வாசி நுனியில்தான் நடக்கிறது என்பதால் அது நியாயம்.

அடுத்தது ஆட்டம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். மலிவுக் குறடுகளில் இரண்டு புயமும் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, நடுவே ஒரு ஆணியில் நிற்கும். ஆணி தளர்ந்ததும் இரண்டு நுனியும் ஒன்றையொன்று விட்டு விலகிப் போகும், கம்பி கோணிக்கொள்ளும். பாக்ஸ் ஜாயின்ட் என்று சொல்லும் வகையில் ஒரு புயத்தைக் குடைந்து அதற்குள் மற்றதை நுழைத்திருப்பார்கள். அது சீக்கிரம் ஆடாது. அதற்காக மற்றதெல்லாம் கழிசடை என்றும் சொல்ல மாட்டேன். நல்ல தயாரிப்பில் படுக்கை மூட்டும் வருஷக்கணக்கில் உறுதியாக நிற்கிறது. பெயரைப் பார்க்காமல் ஆட்டிப் பார்த்துவிட்டால் பதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கையோடு ஒரு துண்டு செம்புக் கம்பியை எடுத்துப் போவது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அவர் கண்முன்னாலேயே ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். உள்வாய் வழுவழுப்பாகவே இருந்தாலும் சில குறடுகளில் வாயின் ஓரம் கத்தி விளிம்பாக இருக்கும். கம்பியில் ஒற்றைக் கோடாக வெட்டு விழுந்தால் அதுதான் காரணம். இதை மட்டும் வைத்துக் குறட்டை ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து 600 நம்பர் எமரித் தாளால் அந்த ஓரத்தை நாலு இழுப்பு இழுத்தால் மழுங்கிவிடும்.

சரி, எத்தனை குறடு வேண்டும்? ஆன்லைனில் 'மூன்று குறடு செட்' என்று விற்கிறார்கள். சுருட்ட ஒரு ரவுண்ட் நோஸ், பிடிக்க ஒரு செயின் நோஸ், வெட்ட ஒரு நிப்பர். பார்க்க நிறைவாக இருக்கும், வேலையில் உட்கார்ந்தால் ஒன்று குறையும். ஒரு வளையத்தைத் திறக்க இரண்டு கையிலும் பிடிக்கும் குறடு வேண்டும். இந்த செட்டில் பிடிப்பதற்கு என்று இருப்பது செயின் நோஸ் ஒன்றுதான். அதனால் பாதிப் பேர் ரவுண்ட் நோஸால் பிடிக்கிறார்கள். ரவுண்ட் நோஸின் வாய் இரண்டும் கூம்பு. வட்டமும் வட்டமும் சேர்ந்தால் கம்பியை ஒரு புள்ளியில்தான் தொடும். அந்தப் புள்ளியில் அத்தனை அழுத்தமும் இறங்கிக் குழி விழும், இல்லையென்றால் வளையம் தெறித்துப் பாய்க்கடியில் போய்விடும். ரவுண்ட் நோஸ் சுருட்டுவதற்கு மட்டும். ஆகவே செட் வாங்குவதாக இருந்தால் கூடவே ஒரு பிளாட் நோஸும் தனியாக வாங்கிவிடுங்கள். செயின் நோஸுக்கு உள்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் அரைவட்டம், நுனி குறுகும். பிளாட் நோஸுக்கு நுனி வரை ஒரே அகலம். ஒன்று நெருக்கமான இடத்துக்குள் நுழையும், மற்றது அசையாமல் பிடிக்கும். ஜோடியாகத்தான் அழகு.

ஜம்ப் ரிங், அதாவது கொக்கியையும் பாசியையும் கோக்கும் அந்த வெட்டு வளையம், அதைத் திறந்து மூடுவதை எல்லாரும் அலட்சியமாகக் கடந்து போகிறார்கள் என்பதால் இதை நிதானமாகச் சொல்கிறேன். வளையத்தின் வெட்டு மேலே நிற்கட்டும். இடது கையில் பிளாட் நோஸ், வலது கையில் செயின் நோஸ். வெட்டுக்கு இரு பக்கமும் வளையம் நன்றாக வாய்க்குள் போகிற மாதிரிப் பிடியுங்கள். நுனியால் கிள்ளினால் சுழலும். இப்போது ஒரு கை உங்கள் பக்கம், மறு கை வெளிப் பக்கம். வெட்டின் இரு முனையும் முன்னும் பின்னுமாக விலகும், வட்டம் வட்டமாகவே இருக்கும். இடமும் வலமுமாக அகட்டி இழுத்தால் வளையம் முட்டை வடிவாகும். அதைத் திரும்ப அழுத்தி வட்டமாக்க யாராலும் முடியாது, எங்கேயாவது ஒரு இடைவெளி நிற்கும்.

மூடும்போது முனைகள் நேருக்கு நேர் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. உலோகம் சற்றுப் பின்வாங்கும். லேசாக உள்ளே நெருக்கிக்கொண்டே, ஒரு முனையை நேர்க்கோட்டைக் கொஞ்சம் தாண்ட விட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரு முனையும் ஒன்றோடொன்று உரசுவது குறடு வழியாக விரலுக்குத் தெரியும். அந்த உரசல் கேட்டால் வளையம் மூடிவிட்டது. சந்தேகம் இருந்தால் மெல்லிய நைலான் நூலை வளையத்துக்குள் விட்டு வெட்டின் மேல் இழுங்கள். நூல் நழுவி வெளியே வந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. திரும்பத் திரும்பத் திறந்து மூடினாலும் கம்பி கடினமாகி ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். அப்படி அலுத்துப்போன வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பது நல்லது.

சிப்பியிலும் சோழியிலும் வளையம் மாட்டுகிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. துளை ஓரத்துக்கு அருகில் இருக்கும். வளையத்தைப் பாதி திறந்து திணித்தால் ஓடு பொட்டென்று விண்டுபோகும். பக்கவாட்டில் தாராளமாகத் திறந்து, ஓட்டைத் தொடாமல் நுழைத்து, அப்புறம் மூடுங்கள். பிளாட் நோஸின் தடித்த வாய் ஓட்டில் இடிக்கும் என்றால் அங்கே பென்ட் நோஸ், அதாவது நுனி வளைந்த குறடு, உதவும். உள்நாட்டுக்காரர்களுக்கு அது தேவையா என்று தெரியவில்லை, சிப்பி வேலைக்கு நான் அதை விட மாட்டேன். துளை போடும்போது தண்ணீருக்குள் வைத்துப் போடுங்கள், ஓட்டுத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. பவளப் பாறைத் துண்டைக் கோத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னும் உண்டு. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். சிலவகைச் சங்கு, சிப்பிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. எதை வாங்கிக் கோக்கிறோம் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

ரவுண்ட் நோஸுக்கு வருவோம். இதில் பார்க்க வேண்டியது நுனியின் மெலிவு. நுனி தடித்திருந்தால் சின்ன முத்துக்கு ஏற்ற சின்னக் காது, அதாவது கம்பி முனையில் சுருட்டும் வளையம், வராது. ஆனால் ஊசியாக மெலிந்த நுனியில் தடித்த கம்பியைச் சுருட்டினால் நுனி வளைந்துபோகும். மெல்லிய கம்பிக்கு மெல்லிய நுனி, தடித்த கம்பிக்கு அடிப்பக்கம் என்று பழகிக்கொள்ள வேண்டும். ஜோடிக் கம்மலில் ஒரு காது பெரிதும் மறு காது சிறிதுமாக வருவது எல்லாருக்கும் நடக்கும். கூம்பில் எந்த உயரத்தில் சுருட்டுகிறோமோ அந்த அளவுக்குத்தான் காது வரும். ஒரு மார்க்கர் பேனாவால் குறட்டின் வாயில் கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலேயே சுருட்டினால் தீர்ந்தது. கம்பி எவ்வளவு விட வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு: உள்வட்டம் 2 மில்லிமீட்டர், கம்பி 0.8 என்றால் இரண்டையும் கூட்டினால் 2.8. அதை 3.14-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். பாசியின் துளைக்கு மேல் அவ்வளவு விட்டு, பாசியை ஒட்டிச் செயின் நோஸால் செங்குத்தாக மடக்கி, பிறகு ரவுண்ட் நோஸால் எதிர்ப்பக்கம் சுருட்டுங்கள். அந்த மடக்கு இல்லாவிட்டால் காது பாசியின் தலைக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

கம்பி அளவைச் சொன்னதும் இன்னொன்று நினைவு வருகிறது. காணொளி பார்த்துக் கற்பவர்கள் "20 கேஜ்" என்று கேட்டு வாங்கி, பாசியில் போகவில்லை என்று புலம்புவார்கள். அமெரிக்கக் கணக்கில் 20 கேஜ் 0.81 மில்லிமீட்டர். நம் கடைகளில் பெரும்பாலும் நடப்பது பிரிட்டிஷ் கணக்கு, அதில் 20 கேஜ் 0.91. 18 என்றால் 1.02-க்கும் 1.22-க்கும் உள்ள வித்தியாசம். 24 என்றால் 0.51-க்கு 0.56. கேஜ் எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். குறடு வாங்கும்போதும் இது உதவும். நீங்கள் அன்றாடம் வளைக்கும் கம்பியையே கையில் கொண்டுபோய் அந்தக் குறட்டில் வளைத்துப் பாருங்கள்.

பணத்தை எதில் போடுவது என்று கேட்டால் நிப்பரில் போடுங்கள் என்பேன். மற்ற குறடு சுமாராக இருந்தாலும் கை சமாளித்துக்கொள்ளும். மழுங்கிய நிப்பரை எந்தக் கையாலும் சமாளிக்க முடியாது. சாதாரண நிப்பரில் வெட்டினால் கம்பி முனை இருபக்கமும் கூராக, கூரை முகடு மாதிரி நிற்கும். அது பட்டுப்புடவையில் சிக்கும், கழுத்தைக் கீறும். பிளஷ் கட்டர் வகையில் நிப்பரின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குழிவு. தட்டைப் பக்கம் எந்தத் துண்டின் பக்கம் இருக்கிறதோ அந்த முனை மட்டமாக வரும், மறுமுனை கூராகத்தான் வரும். ஆகவே நகையில் நிற்கப் போகும் துண்டின் பக்கம் எப்போதும் தட்டைப் பக்கம். ஜம்ப் ரிங் நாமே வெட்டிக்கொள்ளும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் நிப்பரைத் திருப்பிப் பிடித்து, கூராக நின்ற முனையை மட்டமாக்கிவிட்டு அடுத்ததை வெட்ட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் முன்னே சொன்ன உரசல் சத்தம் இரண்டு மட்டமான முனை சந்தித்தால்தான் வரும்.

வாங்கும்போது நிப்பரையும் மூடி வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டு வாய் நெடுகிலும் எங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் டாப்பாரியா, மல்டிடெக் மாதிரி நம் நாட்டு நிப்பர்கள் கிடைக்கும். செம்புக் கம்பிக்கு அவை நன்றாகவே போதும், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அவற்றால் ஒருபோதும் வெட்டக் கூடாதது மெமரி வயர். வளையலுக்குச் சுருள் சுருளாக வருமே, அது கடினப்படுத்திய எஃகு. ஒரே வெட்டில் நிப்பர் வாயில் பள்ளம் விழுந்துவிடும். அதற்குப் படகில் கிடக்கும் அந்தக் கட்டிங் பிளேயரே சரி. முன்பு சிரித்த பெண்ணிடம் அதைத்தான் சொன்னேன்: "தூக்கிப் போடாத, வளையல் கம்பி வெட்ட வச்சுக்க." வெட்டும்போது கண் பத்திரம். துண்டு தெறிக்கும் பக்கத்தை விரலால் மூடிக்கொள்ளுங்கள், இல்லை ஒரு துணிக்குள் வைத்து வெட்டுங்கள்.

கியர் வயரில், அதாவது உள்ளே எஃகு இழை ஓடும் மெல்லிய வயரில், மாலை கோப்பவர்களுக்கு லாக்கை மடக்கும் கிரிம்பிங் பிளேயர் தேவையா? சோழி, சங்கு மாதிரி கனமான மாலைக்குத் தேவை என்பது என் கட்சி. செயின் நோஸால் கியர் லாக்கை நசுக்கினாலும் பிடிக்கும். ஆனால் நசுங்கிய தகட்டின் ஓரம் கூராகி, நாளடைவில் வயரை அதுவே அறுக்கும். கிரிம்பிங் பிளேயரின் வாயில் இரண்டு பள்ளம் இருக்கும். கைப்பிடிக்கு அருகில் உள்ள பள்ளத்தில் ஒரு சிறு மேடு துருத்திக்கொண்டிருக்கும். முதலில் அதில் லாக்கை வைத்து, இரண்டு வயரும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். லாக் நடுவில் குழிந்து, இரண்டு வயரும் தனித்தனி அறையில் அடைபடும். பிறகு லாக்கைக் கால் சுற்றுத் திருப்பி, நுனியில் உள்ள வட்டப் பள்ளத்தில் வைத்து மடக்குங்கள். சின்ன உருளையாக, கையில் நெருடாமல் வரும். முதல் அழுத்தத்திலேயே வயர் குறுக்கிட்டிருந்தால் எவ்வளவு மடக்கியும் பயனில்லை, வெட்டிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். 2 மில்லிமீட்டர் லாக்குக்கு வழக்கமான அளவு கிரிம்பர் சரியாகப் பொருந்தும். அதைவிடச் சின்ன லாக்குக்குச் சின்ன அளவு தனியாக வருகிறது. பெரியதில் சின்ன லாக்கைப் போட்டால் வெறுமனே நசுங்கும்.

இனி உப்பு. நம் கரையில் இரும்பு படும் பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவோடு ஓயாத போராட்டமாகவே இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் துருப்பிடிக்காமல் இருக்கத் தனிப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாலத்துக்கே இப்படி என்றால் ஐந்து அங்குலக் குறடு என்ன செய்யும்? கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த குறட்டில் ராத்திரிக்குள் செம்புள்ளி விழுவதைப் பார்க்கிறேன். துருப் பிடித்த வாயால் வெள்ளை முத்துக்குப் பக்கத்தில் கம்பி சுருட்டினால் முத்தில் பழுப்புக் கறை ஒட்டும்.

ஸ்டெயின்லெஸ் குறடு வாங்கினால் பாதித் தொல்லை குறையும், முழுசாகப் போகாது. கடலுப்பு ஸ்டெயின்லெஸ்ஸிலும் பழுப்புப் புள்ளி போடும். குறட்டுக்கு எடுக்கும் எஃகு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதால் அது சமையல் பாத்திர வகை இல்லை. அதனால் பாத்திரக் கடையில் செய்வது போலக் காந்தம் வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள், குறட்டு ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டும். இன்னொன்று, வாய் ஸ்டெயின்லெஸ் என்றாலும் கைப்பிடிக்கு நடுவில் உள்ள ஸ்பிரிங்கும் மூட்டு ஆணியும் சாதாரண எஃகாக இருக்கலாம். என்னிடம் இருப்பவற்றில் முதலில் துருப் பிடித்து முறிவது ஸ்பிரிங்தான். அதனால் கழற்றி மாற்ற முடிகிற ஸ்பிரிங் உள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன்.

பராமரிப்புக்குப் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது, மூட்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய், வாயில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல், மூடி இறுகும் டப்பா, அதற்குள் மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம். தேங்காய் எண்ணெய் கைக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். நாளானால் பிசுபிசுத்து மூட்டை இறுக்கும், பட்டுநூலில் கறையும் படும். மறுநாள் வேலை தொடங்குமுன் வாயைத் துடைத்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தைக் கடிக்க விட்டுப் பாருங்கள், எண்ணெய் ஒட்டாவிட்டால் தொடங்கலாம்.

துரு ஏறிவிட்டால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெல்லிய எமரியால் தேய்த்தால் போய்விடும். வினிகரும் துருவை எடுக்கும், ஆனால் அதை நான் சிப்பி இருக்கும் மேசைப் பக்கமே விடுவதில்லை. சிப்பி, சோழி, முத்து எல்லாமே சுண்ணாம்பு இனம், புளிப்புப் பட்டால் மினுமினுப்பு அரித்துப்போகும். வினிகரில் ஊறிய குறட்டைச் சோடா மாவுத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் முத்துப் பக்கம் கொண்டுவர வேண்டும்.

கைப்பிடி கலரைப் பார்க்காதே என்று ஆசாரி சொன்னாலும் கைப்பிடியின் நீளத்தைப் பார்க்கத்தான் வேண்டும். குறட்டைப் பிடித்தால் கைப்பிடியின் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தாமல், உள்ளங்கையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குத்தினால் சாயங்காலத்துக்குள் கை மரத்துப்போகும். பெண்களின் கைக்குப் பொதுவாக நாலரை முதல் ஐந்து அங்குலக் குறடு சரியாக வருகிறது. ஸ்பிரிங் மெத்தென்று திறக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் விரலைக் கொடுத்துத் திறக்க வேண்டியிருந்தால் நூறு வளையம் மாட்டும் நாளில் கட்டைவிரல் மூட்டு பேசும்.

இதெல்லாம் வாங்க இப்போதைக்கு வழியில்லை என்பவர்களுக்கு ஆசாரிகளின் பழைய வழி ஒன்று உண்டு. ஹார்டுவேர் கடை நோஸ் பிளேயரை வாங்கி, உள்வாயின் பல்லை மெல்லிய அரத்தால் ராவி எடுத்துவிடுவார்கள். பிறகு 220, 400, 800 என்று எமரித் தாளை மாற்றி மாற்றித் தேய்த்து மினுக்குவார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு ராவ வேண்டும், அவ்வப்போது மூடிப் பார்த்து நுனி தொடுகிறதா என்று கவனிக்க வேண்டும். நுனிப் பக்கம் அதிகம் ராவிவிட்டால் குறடு வீண். ராவிய இடத்தில் முலாம் போய்விடும் என்பதால் நம் ஊரில் அங்கே எண்ணெய் தவறவே கூடாது. அரம் பிடிக்கத் தெரியாவிட்டால் மருத்துவ டேப்பை வாயில் ஒரு சுற்று சுற்றியும் வேலை பார்க்கலாம். வளையத்துக்குப் போதும், நுணுக்க வேலைக்கு டேப்பின் தடிமன் இடிக்கும். நேரில் பார்த்து வாங்க நினைத்தால் மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் போங்கள். நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் குறட்டைக் கையில் கொடுத்துப் பார்க்க விடுவார்கள்.

நைலான் வாய்க் குறடு பற்றிக் கேட்பார்கள். கோணிய கம்பியை உருவி நேராக்க அருமையான சாமான், ஆனால் முதல் வருஷத்தில் அவசியமில்லை. துணியில் கம்பியைப் பிடித்து உருவினாலும் ஓரளவு நேராகும். வாங்கினால் நைலான் துண்டைத் தனியாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், கம்பி முனை பட்டுப் பட்டு அது குழிந்துகொண்டே வரும். முத்துக்கு முத்து முடிச்சுப் போடுகிறவர்களுக்குக் குறட்டைவிட மெல்லிய சாமணம்தான் வேண்டும். ஸ்டெயின்லெஸ் வளையமும் கொக்கியும் கரையோரத்துக்கு மிக நல்லது, துருத் தொல்லை குறைவு. ஆனால் அவை செம்பை விடக் கடினம், ஆட்டமில்லாத தடித்த நுனிக் குறடு இரண்டு இருந்தால்தான் மூட முடியும். மெல்லிய நுனியில் முயன்றால் நுனி முறுக்கிக்கொள்ளும்.

நிப்பர் மழுங்கினால் சாணை பிடிக்கக் கொடுக்காதீர்கள். இரண்டு வாயும் சேரும் அளவு மாறிவிடும். பிறகு தாளைக்கூட வெட்டாது. புதிது ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதின் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி கியர் வயருக்கு ஒதுக்கிவிடுங்கள். கியர் வயரின் உள்ளே இருப்பதும் எஃகு இழைதான், புது நிப்பரை அதில் தொட வேண்டாம். குழுவில் பலபேர் ஒரே டப்பாவிலிருந்து எடுக்கும் இடத்தில் இந்தச் சிவப்பு டேப் இல்லாவிட்டால், நல்ல நிப்பர் ஒரு வாரத்தில் சிவப்பு டேப் நிப்பர் ஆகிவிடும்.